மே மாதத்தில் கொடுங்கள்

ஜூலை பிறந்துவிட்டால் எங்கள் தூத்துக்குடியில் கல்வி உதவித்தொகை வழங்கும் விழாக்கள் வரிசையாக வரும். ஆகஸ்ட் 15 வரைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மண்டபம் கிடைப்பதே கஷ்டம். ஊர்ச் சங்கங்கள், வணிகர் சங்கங்கள், அரிமா சங்கம், ரோட்டரி சங்கம், முன்னாள் மாணவர் அமைப்புகள், கோயில் அறக்கட்டளைகள், ஜமாஅத்துகள், பங்குகளில் உள்ள சபைகள் என்று எல்லோரும் கொடுக்கிறார்கள். இவ்வளவு பேர் கொடுக்கிற ஊரில் பிறந்ததில் எனக்குப் பெருமைதான்.

கொடுக்கிறவர்களின் மனதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கொடுக்கும் மாதத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஜூலையில் மேடையேறி உறை வாங்கும் பிள்ளை, கடனோ உடனோ வாங்கி எப்படியோ கல்லூரியில் சேர்ந்துவிட்ட பிள்ளை. மே மாதக் கடைசியில் ஆறாயிரம் ரூபாய் புரட்ட முடியாமல் படிப்பை விட்ட பிள்ளையின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்காது. கல்லூரியில் பணம் கட்டிய ரசீதின் நகலை இணைத்தால்தான் விண்ணப்பத்தை வாங்குவோம் என்று பல அமைப்புகள் கேட்கின்றன. பணம் கட்ட முடியாததால் சேராத பிள்ளை ரசீதுக்கு எங்கே போகும்?

நான் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். வேலையில் இருந்தபோதே எங்கள் பங்கில் இருக்கும் புனித வின்சென்ட் தே பவுல் சபையின் கிளையில் சேர்ந்தேன். இப்போது அதற்குச் செயலாளர். கத்தோலிக்கர் அல்லாத வாசகர்களுக்கு இந்தச் சபையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இது சாமியார்களோ கன்னியர்களோ நடத்தும் நிறுவனம் கிடையாது. குடும்பஸ்தர்கள், வேலைக்குப் போகிறவர்கள், ஓய்வு பெற்றவர்கள், மாணவர்கள் என்று சாதாரண மக்கள் சேர்ந்து, ஒருவருக்கொருவர் சகோதரர்களாக இருந்து, பக்கத்துத் தெருவில் கஷ்டப்படும் குடும்பங்களைப் பார்த்துக்கொள்வதற்காக ஏற்பட்டது. எங்கள் கிளையில் ஐஸ் கம்பெனியில் கணக்கு பார்த்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். தையல் கடை வைத்திருக்கும் அக்கா, தபால்காரராக இருந்தவர், வலைக் கடைக்காரர், கல்லூரியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த இரண்டு பிள்ளைகளில் ஒருத்தி ஒரு காலத்தில் எங்களிடம் உதவி பெற்றவள். எந்தப் பிள்ளை என்று எங்கள் ஆட்களைத் தவிர யாருக்கும் தெரியாது.

ஞாயிறு முதல் பூசை முடிந்ததும் மறைக்கல்வி வகுப்பு நடக்கும் அறையில் கூடுவோம். ஜெபம், ஒரு சிறிய வாசகம், போன வாரக் குறிப்பு, பொருளாளரின் கணக்கு. அதன் பிறகு அந்த வாரம் வீடுகளுக்குப் போய் வந்தவர்கள் பார்த்ததைச் சொல்வார்கள். குறிப்பேட்டில் குடும்பத்தின் பெயரை எழுதுவதில்லை, எண்தான் எழுதுவோம். கடைசியில் வாய் சுருக்கிய துணிப்பை ஒன்று கை மாறிச் சுற்றி வரும். மூடிய கையை உள்ளே விட்டு, உள்ளேயே திறந்து, மறுபடி மூடி எடுக்க வேண்டும். ஐந்நூறு போட்டவர் யார், பத்து ரூபாய் போட்டவர் யார் என்று தெரியாது. கையில் காசு இல்லாத வாரம் வெறுங்கையை விட்டு எடுத்தாலும் தெரியாது. தையல்கார அக்கா ஒரு முறை சொன்னார்: "டீச்சர், எங்க வீட்டுக்காரருக்கு முடியாமப் போன வருசம் பூரா நான் வெறுங்கையத்தான் விட்டேன். அதுக்காகக் கூட்டத்துக்கு வராம இருந்தா நீங்க என்னவோ ஏதோன்னு தேடிருப்பீங்க." அந்தப் பையின் அருமை எனக்கு அன்றைக்குத்தான் முழுதாக விளங்கியது. கொடுக்கிறவரின் மானத்தைக் காக்கத் தெரிந்தவர்களால்தான் வாங்குகிறவரின் மானத்தையும் காக்க முடியும்.

சபையைத் தொடங்கியவர்களே மாணவர்கள் என்பது பலருக்குத் தெரியாது. 1832-இல் பாரீஸ் நகரத்தைக் காலரா வாரிக்கொண்டு போயிருந்தது. பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் சேர்ந்து நடத்திய விவாதக் கூட்டத்தில், "உங்கள் மதம் பழைய காலத்தில் நல்லது செய்தது சரி, இன்றைக்கு ஏழைகளுக்கு என்ன செய்கிறது?" என்ற ரீதியில் கேள்வி எழுந்தது. அந்தக் கேள்விக்குப் பேச்சில் பதில் சொல்லிப் பயனில்லை என்று முடிவு செய்தவர் பிரெடெரிக் ஓசானாம். 1833 ஏப்ரல் 23, அவருடைய 20-ஆவது பிறந்தநாள். அன்று மாணவர்கள் ஆறு பேரும், அவர்களைவிட மூத்தவரான பத்திரிகை ஆசிரியர் எம்மானுவேல் பெய்லியும் கூடினார்கள். எந்த வீட்டுக்குப் போக வேண்டும், எப்படிப் போக வேண்டும் என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் முஃப்தார் பகுதிச் சேரிகளில் பல ஆண்டுகள் உழைத்துக்கொண்டிருந்த ரோசலி ரெண்டு என்ற அருட்சகோதரி. ஓசானாமும் அவருடைய நண்பரும் முதன்முதலாக ஓர் ஏழை வீட்டுக்குக் கொண்டுபோனது, தாங்கள் குளிர்காய வைத்திருந்த விறகில் மிச்சம் என்று எங்கள் சபையில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொள்வோம். அந்த வீட்டுக்கு அன்றைக்கு எது வேண்டுமோ அதை எடுத்துப் போனார்கள். ஓசானாம் பிற்காலத்தில் சோர்போன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1853-இல் 40 வயதில் இறந்துபோனார். 1997-இல் பாரீசில் வைத்தே இரண்டாம் ஜான் பால் அவருக்கு அருளாளர் பட்டம் கொடுத்தார்.

விறகை நான் குறிப்பிட்டுச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஏழை வீட்டில் எந்த நேரமும் ஒரே மாதிரிப் பஞ்சம் இருக்காது. எங்கள் ஊரில் கஷ்டத்துக்குத் தேதி உண்டு. வாரா வாரம் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு அந்தத் தேதி தெரியும்.

கடலை எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனம் பெருகுவதற்காகப் போட்ட தடை, அதில் நியாயம் இருக்கிறது. படகுக்காரர் அந்த நேரத்தில் படகைக் கரையேற்றி மராமத்து பார்ப்பார். படகில் போகும் தொழிலாளிக்கோ பிடித்த மீனில் பங்குதான் கூலி, மீன் இல்லையென்றால் கூலி இல்லை. அவரை நம்பி ஐஸ் உடைக்கிறவர், மீன் பிரிக்கிற பெண், கூடை சுமக்கிறவர், மினி லாரி ஓட்டுகிறவர் எல்லோருக்கும் அதே நிலைமை. அரசு ஒரு குடும்பத்துக்கு ரூ.5,000 என்று கொடுத்துவந்த தடைக்கால நிவாரணத்தை ரூ.8,000 ஆக்கியிருக்கிறது. நல்ல காரியம். இரண்டு மாத அரிசி, மளிகை, வீட்டு வாடகை, வாரக் கடன் தவணை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

இப்போது பள்ளி, கல்லூரிக் காலண்டரைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிளஸ் டூ தேர்வு முடிவு மே முதல் பத்து நாளுக்குள் வந்துவிடுகிறது. அந்த வாரமே விண்ணப்பம். மே பின்பாதியிலும் ஜூன் தொடக்கத்திலும் சேர்க்கை. மூன்று நாளில் பணம் கட்டு, இல்லையென்றால் இடம் அடுத்தவருக்கு. சின்னப் பிள்ளைகளுக்கு ஜூன் தொடக்கத்தில் பள்ளிக்கூடம் திறந்துவிடும். விசைப்படகு கடலுக்குப் போவது ஜூன் 14 நள்ளிரவுக்குப் பிறகு. வீட்டில் ஒற்றை ரூபாய் வருமானம் இல்லாத அந்த இரண்டு மாதத்துக்குள்தான் பிள்ளையின் வாழ்க்கையையே தீர்மானிக்கும் பணத்தைக் கட்ட வேண்டியிருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் மே மாதக் கடைசி வாரம் ஒரு நாள் சாயங்காலம் நானும் ஐஸ் கம்பெனி அண்ணாச்சியும் கடற்கரைப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனோம். எங்கள் பட்டியலில் ஏற்கெனவே உள்ள குடும்பம். திண்ணையில் கிழிந்த வலையைப் போட்டு அப்பா பொத்திக்கொண்டிருந்தார். தடைக்காலத்தில் படகுக்காரர் கொடுக்கிற சில்லறை வேலை அது. உள்ளே மூத்த மகள் தரையில் உட்கார்ந்து மஞ்சப்பையிலிருந்து காகிதங்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், நான்கு பாஸ்போர்ட் அளவுப் படம். ஒவ்வொன்றுக்கும் மூன்று நகல், மூலையில் குண்டூசி. நகல் கடைக்காரனுக்குக் கொடுத்த காசுக்கு அவள் ஒரு துண்டுச் சீட்டில் கணக்கு எழுதிவைத்திருந்தாள். பி.காம். இடம் கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் ஆறாயிரத்துச் சொச்சம் கட்ட வேண்டும். நாங்கள் போனது புதன்கிழமை.

அம்மா காபி போட எழுந்தார். பால் இல்லை, கடுங்காப்பிதான் என்று சங்கடப்பட்டார். அவர் காதில் ஈர்க்குச்சி இருந்தது. கம்மல் எங்கே என்று நாங்கள் கேட்கவில்லை. அண்ணாச்சி பேச்சோடு பேச்சாகக் கல்லூரி விஷயத்தை எடுத்தார். அந்த அம்மா எங்களிடம் பணம் கேட்கவே இல்லை. "டீச்சர், பதினஞ்சாந்தேதி கடலுக்குப் போயிருவாவ. இருவதுக்குள்ள கட்டிருதோம்னு நீங்க ஒரு வார்த்த சொல்லிப் பாருங்க. நீங்க சொன்னா கேப்பாக" என்றார். அவருக்கு வேண்டியது இருபத்தைந்து நாள் தவணை. ஆறாயிரம் ரூபாய்க்கு வழி இல்லாத குடும்பம் என்று அவர்களைச் சொல்ல முடியாது. ஜூன் மூன்றாவது வாரத்தில் அவர்களாலேயே கட்டியிருக்க முடியும்.

மறுநாள் காலையில் கல்லூரிக்குப் போய்க் கேட்டோம். விதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கவுன்டரில் இருந்தவருக்கும் அதில் வருத்தம்தான், அவர் கையில் ஒன்றுமில்லை. எங்கள் கிளைப் பணத்திலிருந்து கட்டி, பிள்ளையின் பெயரில் ரசீது வாங்கி, அவள் கையில் கொடுத்தோம். ஜூன் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அப்பா கோயில் வாசலில் நின்று, சட்டைப் பையிலிருந்து இரண்டாயிரம் ரூபாயை எடுத்து அண்ணாச்சி கையில் திணித்தார். வாங்க மாட்டோம் என்று சொல்லியும் கேட்கவில்லை. அடுத்த வருட மே மாதத்தில் அந்த இரண்டாயிரம் இன்னொரு வீட்டுக்குப் போனது.

அந்தத் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு பையன். எங்கள் பட்டியலில் இல்லாத வீடு. பிளஸ் டூவில் அவன் எடுத்தது 600-க்கு 370 போல. ஐ.டி.ஐ.யில் சேருவதா, பாலிடெக்னிக்கா என்று யோசித்துக்கொண்டிருந்தவன், வீட்டுச் செலவுக்காக மே மாதத்தில் மீன் கம்பெனியில் பெட்டி சுமக்கப் போனான். இரண்டு மாதத்துக்குத்தான் என்றுதான் போனான். ஜூலையில் அவன் பெயரை யாரோ சொல்லி நாங்கள் போய்ப் பார்த்தபோது, அவன் சம்பளத்தை நம்பி வீட்டில் ஒரு வாரக் கடன் எடுத்திருந்தார்கள். தங்கைக்குச் சைக்கிள் வாங்கியிருந்தார்கள். ஒரு பிள்ளையின் சம்பளம் வீட்டுக்குள் வந்து பழகிவிட்டால் அதை நிறுத்தச் சொல்ல எந்தத் தாய்க்கும் வாய் வராது. ஜூலையில் அவனுக்குப் பத்தாயிரம் கொடுத்திருந்தாலும் படிப்புக்குத் திரும்பியிருக்க மாட்டான். மே மாதத்தில் மூவாயிரம் போதுமாக இருந்திருக்கும்.

அரசு எவ்வளவோ செய்கிறதே, தனியார் சங்கங்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. அரசு செய்வதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 33 வருடம் வகுப்பறையில் நின்றவள் நான். விலையில்லாப் பாடப்புத்தகம், சீருடை, பஸ் பாஸ், சைக்கிள் இவையெல்லாம் எத்தனை பெண் பிள்ளைகளைப் பத்தாம் வகுப்பு தாண்டிக் கொண்டுவந்தன என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். 2022 செப்டம்பர் 5-ஆம் தேதி தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குக் கல்லூரியில் மாதம் ரூ.1,000 கிடைக்கிறது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அது இல்லையே என்று எங்களைப் போன்ற ஆசிரியர்கள் ஏங்கிக்கொண்டிருந்தோம். 2024 டிசம்பர் 30-ஆம் தேதி அவர்களுக்கும் விரிவாக்கித் தொடங்கிவைத்தது எங்கள் தூத்துக்குடியில்தான். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் அதே வருடம் ஆகஸ்டில் வந்தது.

ஆனால் இந்த ஆயிரம் ரூபாய் கல்லூரியில் சேர்ந்த பிள்ளைக்கு வருவது. பெயர்ப் பட்டியல் போய், ஆதாரும் வங்கிக் கணக்கும் சரிபார்த்த பிறகு வரும். பள்ளிக்கூடத்துச் சான்றிதழில் ஒரு மாதிரியும் ஆதாரில் ஒரு மாதிரியும் பெயர் இருந்தால் இன்னும் தாமதமாகும். எங்கள் பகுதியில் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பெயர் அப்படித்தான் இருக்கும். ஞானஸ்நானப் பெயர், வீட்டுப் பெயர், அப்பா பெயரின் முதலெழுத்து எல்லாம் இடம் மாறிக் கிடக்கும். மற்ற கல்வி உதவித்தொகைகள் கல்வியாண்டின் பிற்பகுதியில் வந்து சேரும். ஆற்றின் நடுவில் பாலம் நன்றாகக் கட்டியிருக்கிறது, கரையிலிருந்து அதில் ஏறும் இடத்தில்தான் இரண்டு பலகை குறைகிறது. அந்த இரண்டு பலகையைப் போடுவது எங்களைப் போன்றவர்களால் முடிகிற வேலை. ஆறாயிரம், எட்டாயிரம் ரூபாய் வேலை.

பணம்கூட எல்லா வீட்டுக்கும் தேவைப்படுவதில்லை. இ-சேவை மையத்துக்குக் கூடப் போகிற ஒரு ஆள் போதும். வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், தூங்கிப்போன வங்கிக் கணக்கை எழுப்புவது, ஆதாரில் பெயர் திருத்துவது. தபால்காரராக இருந்த எங்கள் உறுப்பினர் ஏப்ரல் மாதத்திலேயே பட்டியலில் உள்ள பிளஸ் டூ பிள்ளைகளின் வீட்டுக்கெல்லாம் போய், எந்தக் காகிதம் இருக்கிறது, எது இல்லை என்று குறித்துக்கொண்டு வருவார். 'ரிசல்ட் வரட்டும், பார்ப்போம்' என்று அவர் ஒருவரையும் விட மாட்டார். இதை நான் தானத்திலேயே பெரிய தானம் என்று நினைக்கிறேன். இதற்கு எந்தச் சங்கமும் விழா எடுப்பதில்லை.

உப்பளத்துக்கு வேறு தேதி. வெயில் அடிக்கிற மாதங்களில்தான் உப்பு வாருவார்கள். அக்டோபரில் மழை தொடங்கிவிட்டால் அளத்தில் வேலை நிற்கும், அடுத்த வருடம் பாத்தி கட்டுகிறவரைக்கும் கூலி கிடையாது. மழைக்காலத்துக்கென்று அரசு இப்போது ஒரு நிவாரணம் கொடுக்கிறது. சரியாக அந்த நேரத்தில்தான் கல்லூரிகளில் பருவத் தேர்வுக் கட்டணம் கட்டச் சொல்வார்கள். மீன்பிடித் தொழிலாளி வீட்டுப் பிள்ளை மே மாதத்தில் நிற்கிற இடத்தில் உப்பளத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை அக்டோபரில் நிற்கும். ஊருக்கு ஒரே நாளில் எல்லோருக்கும் ஒரே தொகை என்று கொடுத்தால் இரண்டு வீட்டுக்கும் அது வேளை தப்பிய சாப்பாடாகிவிடுகிறது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளத்தை நாங்கள் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை. அந்த வாரம் யாரும் பட்டியல் பார்க்கவில்லை, விண்ணப்பம் கேட்கவில்லை, தண்ணீர் வடியாத தெருவுக்குள் கையில் கிடைத்ததைக் கொண்டு போனோம். தெரிந்த வீடுகள் என்பதால் எந்த வீட்டில் நடக்க முடியாத பாட்டி இருக்கிறார், எந்த வீட்டில் கைக்குழந்தை என்று விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. பிறகு பல நாள் எங்கள் பங்கு மண்டபத்தில் மின்விசிறிக்குக் கீழே செய்தித்தாளை விரித்துப் பிள்ளைகளின் சான்றிதழ்களைக் காயவைத்தோம். லேமினேட் செய்ததுதான் மோசமாகக் கெட்டிருந்தது, ஓரத்தில் புகுந்த தண்ணீர் வெளியே போக வழியில்லை.

எங்களுக்குள் தீராத ஒரு விவாதத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மே மாதத்தில் கொடுங்கள் என்று சொல்வது எளிது, கையில் பணம் இருக்க வேண்டுமே. பணம் வருவதற்கும் ஒரு காலம் உண்டு. எங்களுக்குக் காணிக்கையும் நன்கொடையும் அதிகம் வருவது பனிமய மாதா திருவிழாவை ஒட்டி ஆகஸ்டில், அடுத்தது கிறிஸ்துமஸுக்கு. தேவையோ மே மாதத்தில். ஆகஸ்டில் வந்ததை ஒன்பது மாதம் வங்கியில் வைத்திருக்க வேண்டும். பணத்தைச் சேர்த்து வைக்காதே, ஏழைக்கு உரியதை உடனே கொடு என்பது எங்கள் சபையின் பழைய பாடம். மருந்து வாங்க முடியாமல் ஒருவர் கிடக்கும்போது வங்கியில் அறுபதாயிரம் வைத்துக்கொண்டிருப்பது பாவமில்லையா என்று வலைக் கடைக்காரர் ஒவ்வொரு வருடமும் கேட்பார். அவர் கேட்பது சரிதான். ஆனாலும் நான் அந்தப் பணத்தைக் காப்பாற்றித்தான் வருகிறேன். பதினொன்றாம் வகுப்பில் படிக்கும்போதே எங்களுக்குப் பெயரும் முகமும் தெரிந்த பிள்ளைகள் அவர்கள். அடுத்த மே மாதத்தில் வாசலில் நிற்கப்போவது யார் என்று தெரிந்திருக்கிறபோது, அது அவர்களுக்குக் கொடுக்க வேண்டிய கடன், சேமிப்பு ஆகாது. கல்விக்கென்று தனிக் கணக்கு திறந்து, அதிலிருந்து வேறு எதற்கும் எடுப்பதில்லை என்று தீர்மானம் போட்டோம். மருந்துக்குப் பணம் தேவைப்பட்டால் அந்தப் பை இரண்டாம் முறை சுற்றி வரும்.

ஆஸ்திரேலியா, அயர்லாந்து போன்ற நாடுகளின் கிளைகள் இந்தியக் கிளைகளோடு இணைந்து மாணவர்களுக்கு உதவி அனுப்புவதும் உண்டு. அதை நன்றியோடு சொல்கிறேன். ஆனாலும் ஒரு கிளை நிற்பது அந்தத் துணிப்பையில் விழும் காசில்தான்.

இனி மேடைக்கு வருகிறேன். புகைப்படம் எடுக்காமல் கொடுத்தால் நன்கொடையாளருக்கு எப்படிக் கணக்குக் காட்டுவது என்று சங்கப் பொறுப்பாளர்கள் கேட்கிறார்கள். நியாயமான கவலை. பொதுப்பணத்துக்குக் கணக்கு வேண்டும். அதற்குக் கல்லூரி ரசீது இருக்கிறது, தணிக்கை இருக்கிறது, வந்து பார்க்க விரும்பும் நன்கொடையாளரை வீட்டுக்கே அழைத்துப் போகலாம். பதினேழு வயதுப் பெண் குழந்தை ஆறு பேருக்கு நடுவில் நின்று, பெரிய அட்டைக் காசோலையின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க வேண்டிய அவசியம் இல்லை. அந்தப் படம் மறுநாள் அவள் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருடைய வாட்ஸ்அப்பிலும் இருக்கும். விழா நடக்கும் நாளில் காய்ச்சல் என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்ட மாணவிகளை எனக்குத் தெரியும். ஐயாயிரம் ரூபாயை அவர்கள் வேண்டாம் என்று விட்டார்கள். அவர்கள் வீட்டில் அது எவ்வளவு பெரிய பணம் என்பதும் எனக்குத் தெரியும்.

அதிக மதிப்பெண் எடுத்தவருக்குப் பரிசு கொடுப்பதை நான் எதிர்க்கவில்லை. அதற்கு மேடை வேண்டும், கைதட்டல் வேண்டும், அப்பா அம்மா முன்வரிசையில் உட்கார வேண்டும். அதைக் கல்வி உதவி என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். 570 எடுத்த பிள்ளையைத் தேடிக் கல்லூரிகளே வரும். படிப்பு அறுபடுவது 350, 380 எடுத்த பிள்ளைகளுக்கு. அவர்கள் சோம்பேறிகள் இல்லை. காலையில் அம்மாவோடு மீன் ஏலக்கூடத்துக்குப் போய் வந்து பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தவர்கள், தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு படித்தவர்கள். நான் கணக்குப் பாடம் நடத்தும்போது கடைசி பெஞ்சில் கண் சொக்கிப்போன முகங்கள் அவை. எழுப்பியதும் சரியாக விடை சொல்வார்கள்.

எங்கள் பட்டியலில் கோயிலுக்கு வருகிறவர்கள் மட்டும் இருக்கிறார்களா என்று கேட்பவர்களுக்கு: இல்லை. உதவிக்கு மதம் பார்க்கக் கூடாது என்பது சபையின் விதி. வெள்ளத்துக்குப் பிறகு பக்கத்துப் பள்ளிவாசல் ஜமாஅத் பெரியவர்களோடும் ஊர்ச் சங்கத்தோடும் உட்கார்ந்து, யார் யாருக்கு எது போயிருக்கிறது என்று பட்டியலை ஒப்பிட்டுப் பார்த்தோம். மூன்று இடத்தில் வாங்கிய குடும்பமும் இருந்தது, ஓரிடத்திலும் வாங்காத குடும்பமும் இருந்தது. அந்த ஒப்பிடலைக் கல்வி உதவிக்கும் வருடா வருடம் ஏப்ரலில் செய்யலாம் என்பது என் ஆசை. வார்டு அளவில் எல்லா அமைப்புகளும் ஒரு சாயங்காலம் கூடினால் போதும். மண்டபம்கூட வேண்டாம், ஒரு பள்ளி வகுப்பறை போதும்.

சங்கங்களுக்கு நான் வைக்கும் கோரிக்கை இவ்வளவுதான். இந்த ஆண்டு ஜூலை விழாவில் கொடுக்கப் போகும் தொகையில் பாதியை எடுத்து வையுங்கள். அடுத்த ஏப்ரலில் உங்கள் பகுதிப் பள்ளிகளுக்குப் போய் வகுப்பாசிரியர்களிடம் கேளுங்கள். யார் வீட்டில் கஷ்டம், யார் படிப்பை விடக்கூடும் என்று அவர்களுக்கு எந்த விண்ணப்பப் படிவத்தைவிடவும் நன்றாகத் தெரியும். இரண்டு பேராக அந்த வீடுகளுக்குப் போங்கள். முதல் ஆண்டோடு விட்டுவிடாமல் மூன்று வருடமும் போங்கள், ஏனென்றால் இரண்டாம் ஆண்டில் படிப்பை விடும் பிள்ளைகளைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை.

கல்லூரி நிர்வாகங்களிடமும் மாவட்ட ஆட்சியரிடமும் கேட்பதற்கு ஒன்று இருக்கிறது. மீனவர் நலவாரிய அட்டை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு முதல் தவணைக் கட்டணம் கட்டும் கடைசி நாளை ஜூன் 30 ஆக்குங்கள். உப்பளத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு நவம்பர்த் தேர்வுக் கட்டணத்தை பிப்ரவரி வரை பொறுத்துக்கொள்ளுங்கள். இதற்குப் பணம் செலவில்லை. ஒரு சுற்றறிக்கை போதும். கிழக்குக் கடற்கரை மாவட்டங்கள் எல்லாவற்றிலும் தடைக்காலம் ஒரே தேதியில்தான் தொடங்கி ஒரே தேதியில் முடிகிறது என்பதால் நாகப்பட்டினத்துக்கும் ராமநாதபுரத்துக்கும் கடலூருக்கும் அதே சுற்றறிக்கை பொருந்தும். இந்தக் கோரிக்கையை மனுவாக எழுதி, எங்கள் பகுதியில் உள்ள மற்ற சங்கங்களின் கையெழுத்தும் வாங்கி, வருகிற மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுக்க இருக்கிறோம். திங்கள்கிழமை காலை பத்து மணிக்கு ஆட்சியர் அலுவலகம். கூட வர விரும்புகிறவர்கள் வரலாம்.